பிலோமினா அக்காவிடம் கேட்க முடியாத வாக்கியம்

மதுரையில் இருபது நிமிடத்தில் உறைந்துவிடும் ஜெல், பெங்களூரில் முக்கால் மணி நேரமாகியும் தண்ணீராகவே நின்றது. நான் இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது, ஜனவரி மாதம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றிவைத்த கரைசலை மூன்று முறை சாய்த்துப் பார்த்தேன். மூன்று முறையும் உள்ளே மட்டம் அசைந்தது. ஏதோ ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டோம், முதல் வாரமே பெயர் கெடப்போகிறது என்று பதறி, அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கப் போனேன். அப்போது சிங்க்கில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "குளிருக்கு அது அப்பிடித்தான் கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் வுடு. தமிழ்நாட்டுலேர்ந்து வர்றவங்க எல்லாரும் மொதல்ல ரெண்டு வாட்டி அத கொட்டிட்டுத்தான் கத்துக்குவாங்க." பெங்களூரில் என்னோடு தமிழில் பேசிய முதல் மனிதர் அவர்தான். பிலோமினா அக்கா.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரில் பாதிப் பேர் செய்வதைப்போல அக்காவும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்து, மாலையில் அதே ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். கண்டோன்மெண்டில் இறங்கி, சிவாஜிநகரில் பஸ் பிடித்து, அடுகோடிக்கு அருகே மருத்துவமனையை ஒட்டியிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவார். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பயணம். பதவி 'அட்டெண்டர்'. ஆனால் எந்தக் குடுவை எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த இயந்திரத்தை எத்தனை தட்டு தட்டினால் ஓடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அருப்புக்கோட்டையில் எனக்கு வாயாடி என்று பெயர். கடைக்காரர், கண்டக்டர், அடுத்த வீட்டு ஆச்சி என்று யாரோடும் பேசாமல் நான் ஒரு தெருவைக் கடந்ததில்லை. மதுரைக் கல்லூரி ஒன்றில் பார்த்த ஆய்வுத் திட்டம் முடிந்து, வேறு வேலை கிடைக்காமல் இங்கே வந்த பிறகு, ஒரு மாதத்தில் நான் பேசாத பெண் ஆகிவிட்டேன். தங்கியிருந்த விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் முதல் நாள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "சாகா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் அக்காவிடம் சொன்னதும் ஈரக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதுமான்னு கேட்டுக்கினு இருக்கான் கண்ணு. நீ இன்னா சொன்ன?" நான் ஒன்றும் சொல்லாததால் தட்டு நிரம்ப சாம்பார் வாங்கியிருந்தேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. காதில் விழுந்து புரியாத கன்னடத்தையெல்லாம் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு வந்து அக்காவிடம் ஒப்பிப்பேன். பஸ்ஸில் ஒருவர் சொன்னது, விடுதிக்காரம்மா வாசலில் நின்று கத்தியது, எல்லாம். அவர் குடுவையைக் கழுவியபடியே அதைத் தமிழாக்கித் தருவார்.

"இப்பிடியே என்ன கேட்டுக்கினு இருந்தா நீ எப்போ கத்துக்கிறது? டாக்டரம்மாவ உங்கிட்ட கன்னடத்துலயே பேசச் சொல்லு" என்றார் ஒருநாள். நானும் போய்ச் சொன்னேன். எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் சுமா மைசூர்க்காரர், நல்லவர். அவருக்கு மிகுந்த சந்தோஷம். அன்றிலிருந்து என்னோடு ஆங்கிலத்தைக் குறைத்துக்கொண்டார். அவர் சொல்வதில் பாதி புரியும், பாதியை ஊகிப்பேன். ஊகிக்கவும் முடியாதபோது "ஆய்து மேடம்", அதாவது சரி மேடம், என்று தலையாட்டுவேன். வேற்றூரில் பிழைக்கிற எல்லோருக்கும் இந்தத் தலையாட்டல் தெரிந்திருக்கும். புரியவில்லை என்று ஒரு நாளில் ஒருமுறை சொல்லலாம், இரண்டு முறை சொல்லலாம். மூன்றாவது முறை நாக்கு எழாது.

எங்கள் வேலையை ஊரில் அம்மாவுக்கு விளக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். சிறுநீரில் உள்ள புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. மாதிரியோடு சோப்பைப் போன்ற ஒரு ரசாயனத்தைச் சேர்த்துக் கொதிநீர்ச் சூட்டில் வைத்தால், சுருண்டு கிடக்கும் புரதங்கள் நூலைப்போல நீண்டுவிடும். ஜெல்லின் மேல் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய மாதிரியைச் சொட்டுச் சொட்டாக இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், சின்னப் புரதங்கள் ஜெல்லுக்குள் நுழைந்து வேகமாகக் கீழே ஓடும். பெரியவை மேலேயே திணறி நிற்கும். பிறகு நீலச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவினால், புரதம் நின்ற இடமெல்லாம் நீலக் கோடுகளாகத் தெரியும். சிறுநீரகம் நன்றாக இருப்பவரின் வரிசை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். வடிகட்டி பழுதானவருக்கு, ரத்தத்தை விட்டு வெளியே வரவே கூடாத பெரிய புரதம் தடித்த கோடாக நிற்கும். "அப்ப கோட்டப் பாத்தே யாருக்கு என்ன நோவுன்னு சொல்லிருவியா?" என்று அம்மா கேட்டாள். "நான் சொல்லக் கூடாதும்மா, டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

நோயாளிகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் மாதிரியும் வேண்டும். ஜூன் மாதம் ஆள் குறைந்தபோது அக்காவே முன்வந்தார். "எனக்கு முட்டிவலியத் தவிர ஒரு கேடும் இல்ல, என்னுது எடுத்துக்கோ" என்றார். டப்பாவை அவர் கையில் கொடுத்தவள் நான். எண் எழுதி ஒட்டியவளும் நான்.

மறுநாள் மதியம் சாயத்தைக் கழுவிவிட்டு ஜெல்லை வெளிச்சப் பெட்டியின் மேல் விரித்தேன். மற்ற வரிசைகள் வெறுமையாக இருந்தன. அக்காவின் வரிசையில் மட்டும் தடித்த நீலக் கோடு ஒன்று, அதற்குக் கீழே மெல்லியதாய் இன்னும் நான்கைந்து. பக்கத்துப் பள்ளத்திலிருந்து நோயாளியின் மாதிரி வழிந்திருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். புது ஜெல் ஊற்றி, அக்காவின் மாதிரியைத் தனியாக, இரண்டு பக்கமும் பள்ளங்களைக் காலியாக விட்டு ஓட்டினேன். அதே கோடு. அதே இடம். அக்கா அப்போது எனக்குப் பின்னால் நின்று தகடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "இன்னா கண்ணு, ரொம்ப நேரமா அதையே பாத்துக்கினு இருக்கே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, சாயம் சரியாப் போகல" என்றேன்.

டாக்டர் சுமா அன்று மூன்று மாதப் பயிற்சிக்காக வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஜெல்லைப் படமெடுத்து அனுப்பினேன். அக்காவின் மாதிரி என்பதையும் எழுதினேன். அரை மணி நேரத்தில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரிலிருந்து அழைத்தார். சுற்றிலும் ஹார்ன் சத்தம். "ஆ ஸாம்பிள் பேட" என்றார். அந்த மாதிரி வேண்டாம். அது புரிந்தது. அடுத்து, "அவரிகெ ஹேள்பேடி, ஆய்தா?" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டாம், சரியா? "ஆய்து மேடம்" என்றேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. திரும்ப அழைத்துக் கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கன்னடத்திலேயே பேசுங்கள் என்று நானே சொல்லிவிட்டு, அவர் வெளிநாடு கிளம்புகிற நேரத்தில் ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தச் செய்தியை என் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆய்வு வேறு, வைத்தியம் வேறு; டாக்டர் வந்து தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மூன்று மாதமும் அக்கா தினமும் வந்தார். மதியம் சாப்பிட்டதும் சேலை முடிச்சிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்குவார். வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "இத விட்ருங்கக்கா, நல்லதில்ல" என்று ஒருநாள் சொன்னேன். "இது இல்லாட்டி ரயில்ல பங்காருபேட்டை வரைக்கும் என்னால நிக்க முடியாது கண்ணு" என்றார். ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் அவர் கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை என்று வெறுங்காலோடு தரையைத் துடைத்தார். செப்டம்பரில் ஒரு காலை, ரயிலிலேயே மூச்சு வாங்கி விழுந்துவிட்டார். உடன் வந்தவர்கள் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டாக்டர் சுமா திரும்பி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வார்டு வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "அவாகலே ஹேள்பிடி அந்தித்தெனல்லா? யாக்கெ பரலில்லா அவரு?" என்று கேட்டார். அப்போதே சொல்லிவிடுங்கள் என்றேனே, ஏன் அவர் வைத்தியத்துக்கு வரவில்லை? இந்த முறை ஹார்ன் சத்தம் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பிடி. பேடி அல்ல, பிடி. ஹேள்பிடி என்றால் சொல்லிவிடுங்கள். ஹேள்பேடி என்றால் சொல்லாதீர்கள். நடந்ததை ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நானும் ஒரு மெயில் போட்டிருக்க வேண்டும்" என்றார். ஜூனிலேயே தெரிந்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் சிறுநீரகம் செயலிழப்பதை இன்னும் சில வருடங்கள் தள்ளிப் போட்டிருக்கலாமா என்று கேட்டேன். "இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். அந்த 'இருக்கலாம்' என்னோடுதான் இருக்கிறது.

அக்காவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று ஆனது. அதற்காகவே அடுகோடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டார். நான் வேலை முடிந்து போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் போய், சொல்லாமல் ஒவ்வொரு நாளும் திரும்பினேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் சொல்லிவிட்டேன். கோடு பார்த்தது, போன் வந்தது, நான் கேட்டது, உண்மையில் டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும். பக்கத்தில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடியபடி கேட்டார்.

"பேடி இன்னா, பிடி இன்னான்னு என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார். "எல்லாத்தையும் எங்கிட்டதானே கேப்ப."

இது மட்டும்தான் உங்களிடம் கேட்க முடியாத வாக்கியம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்க்ரீன இழுத்து வுடு, வெய்யில் கண்ணுல படுது" என்றார். இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பேசுவார், சமயத்தில் சிரிக்கவும் செய்வார். ஆனால் கண்ணு என்று அழைப்பதை விட்டுவிட்டார். செல்வி என்று என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

மே மாதம் ரத்தத்தில் கிருமி சேர்ந்து இறந்துபோனார்.

தங்கவயலுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. அக்கா இருபது வருடம் போல நின்றுகொண்டு வந்த பாதையில், எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ரயிலை விட்டு இறங்கியதும் காதில் விழுந்தது எல்லாமே தமிழ். ஆட்டோக்காரர், டீக்கடை, சுவரில் ஒட்டியிருந்த அக்காவின் மரண அறிவிப்பு, எல்லாம் தமிழ். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு தெருவில் கேட்பதெல்லாம் யோசிக்காமல் புரிந்தது. ராபர்ட்சன்பேட்டையில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் அக்காவின் மகள் ரெஜினா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஒங்களப் பத்தியே பேசிக்கினு இருப்பாங்கக்கா. பெங்களூர்ல நீங்க இல்லாட்டி யாரு பாத்திருப்பா" என்று அழுதாள். நடந்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்ததும், மண் போட வருகிறவர்களை ஒழுங்குபடுத்த பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். குழியின் ஒரு பக்கம் உறவுக்காரர்களும் அந்தத் தெருப் பெண்களும் நின்று தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் டாக்டர் சுமாவும் எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களும் தங்களுக்குள் கன்னடத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் என்னை அறியாமல் பாடுகிறவர்களின் பக்கம் போய் நின்றிருந்தேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். எந்த வீட்டுப் பெண் என்று யோசித்திருப்பார்.

"நீங்க பெங்களூர்க்காரங்கதானேம்மா? அந்தாண்ட போய் நில்லுங்க" என்றார்.

இல்லை, நான் அருப்புக்கோட்டை என்று சொல்ல வாய்வரை வந்தது. எதற்காகச் சொல்வது? குழியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். டாக்டர் சுமா சற்று நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். எதிரே பாடிக்கொண்டிருந்த பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. என்னைச் சுற்றி நின்றவர்களில் யாருக்கும் அது புரியவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தேன். என் முறை வரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நின்றபடி, அந்தப் பக்கத்துப் பாட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.