இடப்பக்கம் திரும்பினால் மட்டும்

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்றதும் வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். சித்தூரில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இருந்ததெல்லாம் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட். அந்தக் கார், வேலூரில் யாரோ ஒரு காலத்தில் ரேஸில் ஓட்டிவிட்டு, அலுத்துப்போய், கோழி அடைய விட்டு வைத்திருந்தது. நைனாவும் சித்தப்பாவும் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, சோறு தண்ணி மறந்து அதற்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்கள். நைனா கழற்றி மாட்டுவார், சித்தப்பா ஓட்டுவார். பழைய வண்டிதான், ஆனால் வேகத்துக்கென்றே செய்த வண்டி. கடைசியாக அதற்கு அகலமான புது டயர்கள் போட்ட அன்று, இனி எந்த வளைவிலும் இது ரோட்டை விடாது என்று நைனா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

டயர் மாற்றிய சில நாளில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சித்தப்பா அந்தப் பேச்சை எடுத்தார். அவர் மனைவி, என் சித்தி, சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ணா, லெப்ட்ல வளைச்சா ஆயில் லைட்டு மின்னுது ணா."

"ஒயரு லூசா கீதுடா. ஆயிலு புல்லா கீது, நானே பார்த்தேன். நீ துன்னு."

அவ்வளவுதான் பேச்சு. சித்தப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அண்ணன் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் இல்லை.

அப்புறம் திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தவர், புத்தலப்பட்டுக்கு முன்னால் ஏரிக்கரையை ஒட்டி ரோடு இடப்பக்கமாக நீளமாக வளைகிற இடத்தில், நேராக வயலில் இறங்கிவிட்டார். வண்டிக்குப் பெரிய அடி இல்லை. சித்தப்பாவுக்குத்தான், அவர் பிழைக்கவில்லை. இப்போதும் திருப்பதி பஸ் அந்த இடத்தில் வளையும்போது நான் ஏரியைப் பார்ப்பதில்லை, டிரைவருக்கு முன்னால் இருக்கிற விளக்குகளைத்தான் எட்டிப் பார்ப்பேன்.

சித்தப்பா கல்யாணத்துக்கு முன்பு குடித்தவர். சித்தியைக் கட்டுவதற்காக நாங்கள் போகிற சர்ச் சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்று சொன்னவர். சொன்னபடியே இருந்தார். ஆஸ்பத்திரியிலும் குடித்திருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிரே ஒரு மாடுகூட வராத ரோட்டில் வண்டி தானாக வயலில் இறங்குமா? "தாகுண்டாடுலே," குடித்திருப்பான் விடு, என்று பக்கத்துக் கடைக்காரர் தெலுங்கில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சபையிலோ அதையே தமிழில், மெதுவாக, பரிதாபப்பட்டுச் சொன்னார்கள். ஐயோ, அது இன்னும் மோசம். எப்போதும் முன் பெஞ்சில் உட்காருகிற சித்தி, செருப்பு விடுகிற வாசல் ஓரமாகப் போய் உட்கார ஆரம்பித்தாள்.

வண்டியை இரும்புக் கடையில் போட்டுவிடச் சொன்னார்கள் எல்லாரும். சித்தி கேட்கவில்லை. "அத்த ஓட வையுங்க மாமா," என்று புருஷனின் அண்ணனான என் நைனாவிடம் நேராகவே சொன்னாள். "அந்த லைட்டு நெஜமா எரியுதா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அவரு குடிச்சாரா இல்லியான்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்."

நைனா தலையை ஆட்டினார். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஒரு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுகிற மனிதர் இந்த வேலையை இழுத்தார் பாருங்கள், அப்படி ஓர் இழுவை! சென்னையிலிருந்து சாமான் வரவில்லை என்பார். வந்தால் அளவு சரியில்லை என்பார். எஞ்சினைப் பிரித்தபோது பேரிங் உருகித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வயலில் விழுந்து ஆயில் கொட்டிய பிறகும் எஞ்சின் ஓடியிருக்கலாம், அதனாலும் உருகியிருக்கலாம் என்று சித்தியிடம் சொன்னார். "அப்ப ஓட்டியே பார்த்துடலாம் மாமா," என்றாள் சித்தி. நைனாவுக்குத் துக்கத்தில் கை ஓடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

ஒருவழியாக வண்டி தயாரான கோடையில் குடிபாலா பக்கம் ஏரி வற்றி, லாரிகள் போய் வந்து தரை சமமாக இறுகிக் கிடந்தது. அங்கேதான் போனோம். நைனா ஸ்டியரிங்கில், சித்தி பக்கத்தில், நான் பின்னாலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு. லைட்டைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணையும் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவள் நான். இந்த வண்டியிலோ எண்ணெய் போகாவிட்டால்தான் விளக்கு எரியும் என்றார்கள். இது என்ன கூத்து என்று கேட்டேன். நைனா முன்னால் பார்த்தபடியே விளக்கினார். எஞ்சினுக்கு அடியில் சேம்பர் என்று ஒரு தட்டு இருக்கிறது, ஆயில் அதில்தான் நிற்கும். பஸ் வளைந்தால் சொம்புத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறுகிற மாதிரி, வேகமாக நீண்ட வளைவில் போனால் ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். அப்போது பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். இரும்பு இரும்போடு உரசி இறுகிப்போகும், சக்கரமும் நின்றுவிடும். "பழைய டயருக்கு அவ்ளோ வேகமா வளைய வராது. புது டயரு வளைஞ்சுது," என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் வலப்பக்கமாகச் சுற்றினார். ஒன்றுமில்லை. பிறகு இடப்பக்கம். புழுதி எழும்பி ஏரியே மறைந்துபோனது. சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னியது, அப்புறம் நின்று எரிந்தது. "லைட்டு! லைட்டு!" என்று கத்தினேன். நைனா கிளட்சை மிதித்து, எஞ்சினை அணைத்து, வண்டியை நிறுத்தினார்.

சித்தி கையை நீட்டி அந்த விளக்கின் மேல் விரலை வைத்தாள். "அவரு குடிக்கல," என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். கல்லறைத் தோட்டத்தில்கூட அப்படி அழாதவள் அன்று வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். நைனா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாட்சி சொல்கிற நேரத்தில் நைனா எழுந்து, என் தம்பி குடிக்கவில்லை, கோளாறு வண்டியில்தான் இருந்தது என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே நைனா அந்தச் சேம்பரைக் கழற்றினார். தகடு வெட்டி அதற்குள் இரண்டு தடுப்புகள் வைத்து வெல்டிங் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கதவு, உள்பக்கமாக மட்டும் திறக்கிற மாதிரி. ஆயில் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓட முடியாது. மாட்டி முடித்ததும் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு அதே ஏரிக்குப் போனார். எனக்கு வயிற்றைப் புரட்டுகிற வரை இடப்பக்கமாகவே சுற்றினார். விளக்கு எரியவே இல்லை. நான் கை தட்டினேன்.

நைனா வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்தார். முதுகு குலுங்கியது.

"நைனா, லைட்டு வரல. சரியாயிடுச்சு நைனா."

"ஆமாம்மா. சரியாயிடுச்சு," என்றார். அதைச் சொல்லிவிட்டு இன்னும் அழுதார். எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. லைட்டு எரிந்தாலும் அழுகை, எரியாவிட்டாலும் அழுகை, இந்தப் பெரியவர்களோடு என்னதான் செய்வது!

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் இறங்கிச் சமையலறைக்கு ஓடினேன். சித்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "சித்தி! ரெண்டே ரெண்டு தகடுதான் சித்தி! நைனா சோத்து வேளைக்குள்ள முடிச்சுட்டாரு. இனிமே லைட்டே வராது!"

சித்தி பானையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு தகடா?" என்றாள்.

"ரெண்டே தகடு."

கஞ்சி வடிந்து முடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் பானையை நிமிர்த்தவில்லை. பிறகு நிமிர்த்தினாள். தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். நைனா இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி கார்க் கதவைத் திறந்தாள்.

"துன்னுங்க மாமா," என்றாள்.

அவர் வாங்கவில்லை. அவள் போகவும் இல்லை. உச்சி வெயிலில், சுடுகிற தட்டைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி, அவர் கை நீட்டுகிறவரை நின்றாள். நைனாவுக்கு அவ்வளவு பசி, பாவம், அதனால்தான் அழுதிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன்.