ஓட்டுநர் பக்கக் கதவு

நான் நிரஞ்சனி. கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். கதை எழுதிப் பழக்கமில்லை. இதுவும் கதை இல்லை. பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டு வாசலில், என் கண் முன்னால் நடந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தக் கார் இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. வந்து பார்க்கலாம்.

இந்த வருடம் தை மாதம் என் கணவர் கஜேந்திரன் ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கினார். அவருக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. பெற்றோலுக்காக வரிசையில் படுத்துக் கிடந்த காலத்தை அவரால் மறக்கவே முடியவில்லை. "இனி அந்தப் பாடு இல்ல நிரஞ்சனி. ஃபோன் மாதிரி செருகி வச்சிட்டா போதும், காலையில போயிட்டே இருக்கலாம்" என்று சிறுபிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். வெள்ளைக் கார். ஒரு கீறல் கூட இல்லை. பன்விலயில் ஒருவர் வைத்திருந்ததாகத் தரகர் சொன்னார். ஏன் விற்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு மாலை, சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியே 'டிங்…' என்று சத்தம். கார் உயிர் பெறும்போது வருகிற சத்தம் அது. எட்டிப் பார்த்தேன். மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெதுவாக விரிந்தன. பிறகு 'டக்.' ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டு திறந்தது. அந்த ஒரு கதவு மட்டும்.

கார்ச்சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவியில ஏதோ கோளாறு" என்றார் அவர். பூட்டிவிட்டு வந்தார். மறுநாளும் அதே விளக்கு வைக்கும் நேரம். 'டிங்…' 'டக்.' மூன்றாம் நாள் அவரும் நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். பூட்டு திறந்ததும் 'ஸ்ஸ்ஸ்…' என்று ஓட்டுநர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்தது. யாரோ ஏறி உட்கார இடம் விடுவது போல.

மடவளையில் கராஜ் வைத்திருக்கும் றஸீனிடம் கொண்டுபோனோம். மின்சாரக் கார்களைத் திருத்திப் பழகியவர். "சின்ன பற்றரி பலமில்லாட்டி இப்பிடித்தான் கோட்டித்தனம் பண்ணும் அண்ணன்" என்று சொல்லிப் புதியது போட்டுத் தந்தார். அன்று மாலையே மறுபடி திறந்தது. சாவிக்குள் இருந்த செல்லைக் கழற்றினார். திறந்தது. எத்தனையோ வயர்களைப் பரிசோதித்தார். திறந்துகொண்டேதான் இருந்தது.

ஆனி மாதம் றஸீன் வீட்டுக்கே வந்தார். காரின் முன்மூடியைத் திறந்து, சின்ன பற்றரியையே கழற்றித் தன் வேனில் ஏற்றினார்.

"இது இல்லாம இதுல ஒரு லைட்டும் எரியாது தங்கச்சி. ரெண்டு நாள் இப்பிடியே ஈக்கட்டும்."

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. ஆறு மணிக்குப் பிறகு கரண்டும் போய்விட்டது. மகள் துஷ்யந்தி டியூஷன் போயிருந்தாள். நானும் அவரும் மட்டும். மெழுகுதிரி வெளிச்சத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்காவது நிம்மதி என்று நினைத்தேன்.

ஆறு நாற்பது.

'டிங்…'

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "போகாதீங்க." அவர் கேட்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

காரின் உள்விளக்கு எரிந்தது. பற்றரி இல்லாத காருக்குள் மஞ்சள் வெளிச்சம்… கண்ணாடிகள் விரிந்திருந்தன. வைப்பர் ஒரு முறை ஆடி நின்றது.

ஓட்டுநர் பக்கக் கதவை அவர் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றார். ஆனால் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து, பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு.

அதை அணைக்கத்தான் அவர் உள்ளே ஏறினார்.

கதவு சாத்திக்கொண்டது. 'டக்.'

நான் கண்ணாடியில் அடித்தேன். கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாய் அசைந்தது. கடைக்கு வந்தவர்களோடு பேசுவாரே, அப்படி. தலையை ஆட்டினார். கேட்டார். மறுபடி தலையை ஆட்டினார்…

விளக்கு அணைந்தது.

கதவு திறந்தது.

இறங்கி வந்தார். கையைத் தொட்டேன். பனிக்கட்டி.

"யார் கூட பேசினீங்க?"

"எங்க போகணும்னு கேட்டேன்."

"யார்கிட்ட?"

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "வீட்டுக்குன்னு சொன்னாங்க. எந்த வீடுன்னு சொல்லல."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாடு குறைந்தது. யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவார். அடுத்த வாரம், பட்டப்பகலில், கடையில் கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்துநான்கு வயது. ஒரு நாளும் மருந்து எடுத்தவர் இல்லை.

அவர் போன அன்றிலிருந்து கார் தானாகத் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் விற்றுத் தரச் சொல்லி றஸீனைக் கூப்பிட்டேன். அவர் காருக்குக் கிட்டவே வரவில்லை.

"இத இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு ஏலா தங்கச்சி. அண்ணன்ட மையத்து எடுத்த அன்னைக்கு வந்து போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்ல."

ஆவணி மாதம். விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

'டிங்…'

'டக்.'

ஓட்டுநர் பக்கம் இல்லை.

பின்னால். இடது கதவு.

துஷ்யந்தி உட்காருகிற பக்கம்.

அன்றே அவளை ஹட்டனில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, தரகரிடம் விலாசம் வாங்கிப் பன்விலவுக்குப் போனேன். காரை விற்றவர் பெயர் சுவக்கின். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளார்க். தனியாக இருந்தார். அந்த வெள்ளைக் கார் விஷயமாக வந்தேன் என்றதுமே அவர் முகம் மாறியது. கார் வாங்கும்போது வந்த என் கணவரை விசாரித்தார். சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

"எந்தக் கதவும்மா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஓட்டுற பக்கம். இப்ப பின்னால… மகள் உக்கார்ற பக்கம்."

"எங்களுக்குப் பக்கத்து சீட்டு. என் சம்சாரம் றொசானா உக்கார்ற பக்கம்."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஐயா, அவர் அதுல ஏறினதாலதான் அப்படி ஆச்சி. மகள நான் இனி ஏத்தவே மாட்டேன். தூரத்துக்கு அனுப்பிட்டேன். ஏறாம இருந்தா போதும்தானே?"

தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று கீழே ரோட்டில் உறுமிக்கொண்டு போனது.

"றொசானா ரொம்பப் பயந்தவ" என்றார். "கதவு தொறக்க ஆரம்பிச்ச அன்னைக்கே கொழும்புக்கு, மகன் வீட்டுக்குப் போயிட்டா. அதுக்குப் பொறகு அந்தக் காரை அவ கண்ணால கூடப் பாக்கல."

"இப்ப அவங்க…?"

"மூணாவது மாசம். அங்கயே கண்ண மூடிட்டாம்மா."

இது புரட்டாதி. பின்கதவு திறக்கத் தொடங்கி இரண்டாவது மாதம்.