நான் ‘சந்தேகம்’ என்று எழுதிய மகசின்

லண்டன் மனோர் பார்க்கில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் யோகன் அண்ணைக்கு அநியாயம் செய்தவள் நான்தான். அவர் கொண்டுவந்த அசல் மகசினுக்கு, அவருடைய முகத்தைப் பார்த்து, ‘சந்தேகம்’ என்று துண்டு எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஆளைப் பார்க்கக்கூடாது, இரும்பைத்தான் பார்க்கவேண்டும். பிஸ்டலின் கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடுதான் மகசின். பிஸ்டலை வீட்டில் வைத்திருக்க இந்த நாட்டில் லேசில் விடமாட்டார்கள். அதனால் நூறு வருசப் பழைய வெறும் கூடுகளைச் சேர்த்துவைத்து, அடிப்பக்கம் மரமா அலுமினியமா, எண் எந்தப் பக்கம் குத்தியிருக்கிறது என்று சண்டை பிடிக்கிற ஒரு கூட்டம் லண்டனில் இருக்கிறது. பழைய இராணுவச் சாமான் கடையொன்றில், ‘அசல்’ அல்லது ‘சந்தேகம்’ என்று துண்டு எழுதிக் கொடுத்து அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பது என் சனிக்கிழமை வேலை. மற்ற நாட்களில் சட்டம் படிக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே தாடை நொந்தவர்களே, உங்களுக்கு என்றால் விளங்கும்.

தாத்தாவின் மகசின்

கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு கனவான் வந்தார். முதலாம் உலகப் போரில் தன் தாத்தா ஜெர்மன்காரனிடம் பறித்தது என்று ஒரு மகசினை மேசையில் வைத்தார். அதன் அடி பிளாஸ்டிக். அந்தப் போர்க்காலத்தில் மரம்தான். விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளில்லை. படக்கோப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, அரை மணித்தியாலம் வாதாடி வென்றேன். அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார்: “என் தாத்தா ஒரு பொய்யர் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன். மிக்க நன்றி, இனி மதியச் சாப்பாடு இறங்காது.”

பதினொன்று

ஸ்ட்ரெதமிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, இறந்துபோன கணவரின் பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பதினொரு மகசின்கள். “எல்லாம் ஒன்றுதானே?” என்றார். கேட்டிருக்கக்கூடாது. இது நிக்கல் பூச்சு, இது கறுப்பு, இதில் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறது, ஆகவே இது பிஸ்டலோடு கொடுத்த இரண்டாவது மகசின் என்று பதினொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அல்லது கேட்பதுபோல் இருந்தார். முடிவில் டின்னை மூடினார்: “அவரும் இப்படித்தான் பேசுவார். நான் ஏன் தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது.”

சூப்பர்மார்க்கெட் பை

அடுத்த மாதம் யோகன் அண்ணை வந்தார். வேலைக் காற்சட்டை, கையில் சூப்பர்மார்க்கெட் பை. சேகரிப்பாளர்களின் வருடக் கண்காட்சியில் முதல்தடவையாக அவருக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். எங்கள் கடைத் துண்டில் ‘அசல்’ என்று இருந்தால்தான் மேசை உறுதி. பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய மகசினை எடுத்தார். மர அடி, எண், பக்கத்தில் கூட்டல் குறி.

“பிள்ளை, நீங்கள் தமிழோ?” என்றார்.

நான் ஆங்கிலத்தில், இது எங்கே கிடைத்தது, பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஜெர்மனியில இருக்கேக்க பழஞ்சாமான் சந்தையில வாங்கினது. அங்க ஆர் பில்லுத் தந்தவங்கள்?”

அவருக்குப் பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். தமிழ் ஆள், துப்பாக்கிச் சாமான் என்று அவர்கள் நினைப்பதற்கு முன்னால் நானே நினைத்துவிட்டேன். குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, பத்திரமில்லாத பொருளுக்கு நாங்கள் பொறுப்பெடுக்க ஏலாது என்றேன். ‘கூட்டல் குறி பின்னர் குத்தப்பட்டிருக்கலாம். சந்தேகம்’ என்று எழுதி நீட்டினேன். அவர் துண்டை இரண்டுதரம் வாசித்தார்: “சரி பிள்ளை. உங்கட வேலையை நீங்கள் செய்யிறியள்.”

டெனிஸ் கேட்ட கேள்வி

டெனிஸ் எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு சாமானையும் படமெடுத்து வைப்பவன். அதிகம் பேசாதவன். இரண்டு வாரம் கழித்து என்னைக் கணினிக்கு முன்னால் கூப்பிட்டு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். ஒன்று ஸ்ட்ரெதம் அம்மாவின் டின்னில் இருந்தது. அதற்கு நான் ‘அசல்’ என்று எழுதியிருந்தேன். மற்றது யோகன் அண்ணையுடையது. ஒரே மரம், ஒரே அச்சு, ஒரே கூட்டல் குறி. ஸ்ட்ரெதம் அம்மாவிடமும் நான் பத்திரம் கேட்கவில்லை, கம்பளிக் கோட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து ஆட்களை மறித்துச் சோதிக்கும் பொலிஸைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் மேசையில் அடித்துக் கத்தியவள் நான். வெளிச்சம் வேறாக இருந்தது, அவசரம், வரிசை நின்றது என்று அங்கேயும் வாதாடத் தொடங்கினேன். டெனிஸ் திரும்பியும் பார்க்கவில்லை: “மகசினில் வித்தியாசம் எங்கே என்று காட்டு, நான் பேசாமல் போகிறேன்.”

மனோர் பார்க்

கண்காட்சி முடிந்துவிட்டிருந்தது. அவருடைய மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘அசல்’ என்று புதுத் துண்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, ரயிலேறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வழக்கறிஞர் மாதிரி.

கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. “அண்ணை, நான் செய்தது பிழை. மகசினைப் பார்த்து எழுதேல்லை, உங்களைப் பார்த்து எழுதினனான்” என்றேன். ஒத்திகை பார்த்த மூன்றையும் விட்டுவிட்டுப் புதுத் துண்டை நீட்டினேன். அவர் துண்டை வாங்கி வாசித்தார். மடித்தார். என் கையிலேயே திருப்பி வைத்தார்.

எதற்கும் மறுபேச்சுப் பேசியே வளர்ந்த எனக்கு, இன்றுவரை மறுபேச்சு அகப்படாத பதில் அவர் சொன்ன இது ஒன்றுதான்: “அசல் எண்டு எனக்கு முதலே தெரியும், பிள்ளை. இதைக் கொண்டுபோய், அண்டைக்கு எனக்குப் பின்னால நிண்ட ரெண்டு பேருக்கும் காட்டுங்கோ.”