பெரிய டாக்டர் போனுக்குப் பரிவட்டம்

இன்று கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை. ஸ்கேன் படங்கள் நெட்வொர்க்கில் போகும்போதெல்லாம் அங்கே போன் பேச்சு துண்டு துண்டாகிவிடும். ஆம்புலன்ஸ் கேட்டவரின் விலாசம்கூடப் பாதியில் போயிருக்கிறது.

வைத்தியம் எளிதுதான். எல்லா ஒயரும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். இனி அதில் எதைச் செருகினாலும் "நீ யார்?" என்று சுவிட்ச் கேட்கும். "போன்" என்று பதில் வந்தால் அதன் பேச்சை முதலில் அனுப்பும். ஸ்கேன் படம் காத்திருக்கும்.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

"பெரிய டாக்டர் போனுக்கு?"

"அதுக்கும் இதேதாண்ணே."

"வாட்ச்மேன் போனுக்கு?"

"அதுக்குந்தான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன தம்பி, ஊர்த் திருவிழான்னா மொதப் பரிவட்டம் யாருக்குன்னு ஒரு வரிசை இருக்குல்ல? அய்யா போனை எல்லாத்துக்கும் மேல வைங்க."

வைக்கலாம். வைத்தால் நாளைக்கு எல்லா டாக்டரும் கேட்பார்கள். முடியாது என்றேன்.

ஆனாலும் மேனேஜர் பெரிய டாக்டர் அறைக்குள் போய், "உங்க போனைத் தனியாச் செஞ்சாச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் உடனே ஸ்பீக்கரைப் போட்டு வாசல் போனுக்கு அடித்தார். "அடேயப்பா, எம்புட்டு கிளியரா இருக்கு!"

"ஆமாங்கய்யா," என்றார் வாட்ச்மேன், கணீரென்று. "எனக்கும் அம்புட்டுக் கிளியராக் கேக்குது. காலையில இருந்தே இப்படித்தான்."

வெளியே வந்ததும் மேனேஜர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்த வாட்ச்மேன் போனை மட்டும் லேசாக் கரகரன்னு ஆக்கிவிட முடியுமா?"

இதற்கு சுவிட்சில் என்ன கமாண்ட் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதவும்.