கோடு வரைக்கும்தான் எண்ணெய்

எங்கள் வீட்டு டிராக்டரைப் போல நோஞ்சான் வண்டி ஆவடி வட்டாரத்திலேயே கிடையாது என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டிவிடும் என்று நைனா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பழைய வண்டி, இரண்டு கை மாறி எங்கள் ஊரான கோவில்பதாகைக்கு வந்தது. அதனால் நானும் நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது, சொல்வது நைனாவாயிற்றே!

அத்தை நைனாவுக்கு ஒரே தங்கை. பூந்தமல்லியில் வாழப்போனவள், இரண்டாம் வருஷம் ஒரு தகரப் பெட்டியோடும் முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்போடும் வந்து இறங்கினாள். ரசச் சட்டி பட்டுவிட்டது என்றாள். அதையும் நம்பினேன். அவள் திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டிலிருந்த ஒரே கேள்வி. ஆனால் அதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மாமா, அதாவது அத்தையின் புருஷன், தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அழைத்துப்போக வருவார். கட்டிக்கொடுத்த பெண்ணை அனுப்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியுமா? நைனாவுக்கோ எதிராளியிடம் இல்லையென்று சொல்லவே வராது. அதனால் பழியைத் தூக்கி வண்டிமேல் போட்டுவிடுவார். "புழுதி உழவு நடக்குது மச்சான். டப்பா கழுவ இவள உட்டா ஆளு இல்ல. இது முடியட்டும், நானே கொணாந்து உடுறேன்" என்பார். அடுத்த முறை வந்தால் சேற்று உழவு, அதற்கடுத்த முறை போரடிப்பு. அத்தையும் கதவோரம் நின்று, "எனுக்கும் வரணும்னுதான் கீது, இந்த வண்டி உட்டாத்தானே" என்று பெருமூச்சு விடுவாள்.

அந்தப் பெருமூச்சில்தான் நான் ஏமாந்தேன். ஐயோ பாவம், புருஷன் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள், இந்தப் பாழாய்ப்போன வண்டி குறுக்கே நிற்கிறதே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

டப்பா என்றால் இஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கும் காற்று வடிகட்டி. அத்தை வைத்த பெயர் காத்து டப்பா. இஞ்சின் இழுக்கிற காற்று முதலில் அதற்குள் போய், அடிக்கிண்ணத்து எண்ணெயில் தூசியை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உழவு நாளில் தினமும் காலையில் அத்தை கொக்கியைத் தட்டிக் கிண்ணத்தைக் கழற்றுவாள். கறுத்த எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி, கிருஷ்ணாயில் ஊற்றிக் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைப்பாள். கிண்ணத்தின் உட்புறம் பாதி உயரத்தில் ஒரு கோடு இருக்கும். புது எண்ணெய் அந்தக் கோடு வரைக்கும்தான். மாட்டி முடித்ததும் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு நிமிர்வாள் பாருங்கள், தாசில்தார் தோற்றார்!

பக்கத்தில் குந்திப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆயுத பூஜைக்கு மாமாவும் அவர் அண்ணனும் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அத்தையைக் கரையேற்றுவது என் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

பூஜையன்று விடிந்ததிலிருந்து அம்மா என்னை விரட்டிக்கொண்டிருந்தாள். குடத்தில் தண்ணீர், ஜாடியில் உப்பு, படியில் அரிசி, விளக்கில் எண்ணெய், எல்லாம் தளும்பத் தளும்ப இருக்கவேண்டும். "பூஜ நாளும் அதுவுமா எதையும் கொறையா வெக்காதடி, ஊட்டுக்கு ஆவாது" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். அத்தை கிண்ணத்தைக் கழுவிக் கிணற்றுச் சுவர்மேல் கவிழ்த்துவிட்டு வடைக்கு அரைக்கப் போயிருந்தாள். சமயம் வாய்த்தது. எண்ணெய் டின்னைத் தூக்கிவந்து ஊற்றினேன். கோடு வந்தது. கை நின்றது. உப்பு ஜாடியே குறையக்கூடாது என்றால், நமக்குச் சோறு போடுகிற வண்டிக்கு அரைக்கிண்ணம் வைப்பதா? விளிம்பு வரை ஊற்றினேன். சாம்பார் வாளியைத் தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் மாட்டினேன். பாவாடையில் கொஞ்சம் வழிந்ததைத் தவிர வேலை கச்சிதம். வண்டிக்குச் சந்தனம் வைக்க வந்த அத்தை கிண்ணம் மாட்டியிருப்பதைப் பார்த்து, நைனா வேலையாக்கும் என்று இருந்துவிட்டாள்.

இலையெடுத்ததும் மாமாவின் அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். "இந்த வாட்டி கையோட இட்டுகினுதான் போவோம்." நைனா வழக்கம்போல, "அனுப்புறதுக்கு இன்னா மச்சான், டப்பா கழுவத்தான் ஆளு..." என்று இழுத்தார்.

நான் முந்திக்கொண்டேன். "நான் கீறேன் நைனா! காலைல நான்தான் கழுவி மாட்டுனேன். அத்த போவட்டும்!" கழுவியது அத்தை என்பதை எல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

எல்லாரும் தட்டிக்கொடுப்பார்கள் என்று பார்த்தால், நைனா முகம் சுண்டிப்போயிற்று. மாமாவின் அண்ணன்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்புறம் இன்னா? கொயந்தையே செய்யிது. பொட்டிய கட்டச் சொல்லுப்பா." அத்தை உள்ளே போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி எலுமிச்சம்பழம் நசுக்கியதும் கிளம்புவதாகப் பேச்சு. கற்பூரம் காட்டி நைனா வண்டியைக் கிளப்பினார். பழம் நசுங்கியது. அவ்வளவுதான், குபீரென்று நீலப் புகை. பூவரச மரம் தெரியவில்லை, மாமா தெரியவில்லை. இஞ்சின் ஊளையிட்டுக்கொண்டு வேகமெடுத்தது. நைனா வண்டியைக் கியரிலிருந்து விடுவித்துவிட்டு, நிறுத்துகிற கம்பியை இழுக்கிறார், இழுக்கிறார், நிற்கிற பாடில்லை. ததும்பிய எண்ணெயையே உறிஞ்சிக் குடித்துக்கொண்டு அது தறிகெட்டு ஓடுகிறது. "ஓடுங்க! வெடிக்கப் போவுது!" என்று மாமாவின் அண்ணன் முதல் ஆளாய் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

அத்தை தகரப் பெட்டியைக் கீழே போட்டாள். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கைத் தூக்கி, புகைக்குள் புகுந்து, காற்று இழுக்கும் குழாயின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். வண்டி ரெண்டு இருமல் இருமி அடங்கியது.

நைனா இறங்கிவந்து கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் குரலை மட்டும் ஏன் அப்படி அழுகிற மாதிரி வைத்துக்கொண்டார்? "பாத்தீங்களா மச்சான்? ஒரே ஒரு நாளு இவ கை படல. இன்னும் செத்த நேரம் போயிருந்தா வண்டியே போயிருக்கும்!"

வேலிக்கப்பால் மாமாவின் அண்ணன் கரி படிந்த வேட்டியை உதறிக்கொண்டே, "சரிப்பா, பொங்கல் போவட்டும்" என்றார். மாமா சும்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். பெட்டி வீட்டுக்குள் போயிற்று.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இன்றைக்கு முதுகுத் தோல் உரியப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். நைனா தேடிவந்தார். மடி நிறையப் பொரியும் வெல்லமும் கொட்டினார். அம்மா தன் பங்கு வடையையும் தந்தாள். அத்தை எண்ணெய்க் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். இவர்களுக்கெல்லாம் புகை தலைக்கேறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அத்தை எண்ணெயை வடித்துக் கோட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, "சரியா ஊத்தக் கத்துக்குடு அத்த, அடுத்த வாட்டி தப்பு பண்ணமாட்டேன், நீ நிம்மதியா போலாம்" என்றேன். அத்தை கிண்ணத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நைனா, "அந்த டப்பா பக்கம் போனே, காலை ஒடச்சிடுவேன்" என்று அதட்டினார்.

கோலம், தையல், நீச்சல் எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அத்தைதான். கேவலம் ஒரு கிண்ணத்தைக் கழுவுகிற வித்தையை மட்டும் எனக்கென்று வரும்போது இப்படி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாளே, என்ன கஞ்சத்தனம் என்று நான் பொங்கல் வரைக்கும் அவளோடு சரியாகப் பேசவில்லை.