நூல் போன வழி

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் தூரம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். புவியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் உலக வரைபடம். அதன்மேல் நூலை வைத்து அளந்து நான் சொல்லும் கிலோமீட்டரை எதிர்த்து எவரும் பேசியதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரரின் மகள் வேலைக்கு அமெரிக்கா போனாள். அவர் திருவிடந்தைக் கடற்கரையிலிருந்து வந்து மாடி வீடு கட்டிய மீன் வியாபாரி. என் மகனுக்கோ இரண்டு முறை விசா மறுக்கப்பட்டிருந்தது. அவன் பயணமெல்லாம் கம்பெனி வண்டியில் பக்கத்துச் சிறுசேரி வரைதான். அந்தப் பெண் போன தூரம் என்னை உறுத்தியது. அது சற்றுக் குறைவாக இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். மறைப்பானேன்.

ஒரு ஞாயிறு காலை, ஏரிக்கரையில் என்னோடு நடப்பவர்கள் நால்வரையும் அழைத்துக்கொண்டு அவர் வந்தார்.

"சார், பாப்பா ஜெர்மனில ஏறி சான் பிரான்சிஸ்கோல எறங்குச்சு. பதினோரு மணி நேரமாம். எம்மாந் தூரம்னு சொல்லு சார்."

நூலை இழுத்துப் பிடித்தேன். அது அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்க நிலத்தின் குறுக்கே நேராகச் சென்றது.

"இன்னா சார் கடலக் காட்டற? கீய பாத்தா ஒரே ஐஸுன்னு சொல்லிச்சே. நம்ம மீன் பெட்டில போடற ஐஸ் இல்ல சார், மலை மலையா ஐஸு!"

"அந்த வழியில் ஐஸ் கிடையாது. உங்கள் பெண் தூங்கிக் கனவு கண்டிருப்பாள்."

நால்வரும் சிரித்தார்கள்.

"சீட்டு முன்னால டிவில மேப்பு ஓடிகினே இருந்துச்சாம் சார். கிரீன்லாந்துன்னு போட்டிருந்தானாம்."

"அது சுற்றுவழி. எந்த விமானியும் அப்படிப் போக மாட்டான்" என்று முடித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினார்.

அன்று பிற்பகல் அலமாரியின் மேலிருந்த உலக உருண்டையை இறக்கித் தூசி தட்டி, அதே நூலை அதே இரு ஊர்களுக்கிடையே இறுக்கினேன். நூல் தானாக வடக்கே வழுக்கி, கிரீன்லாந்தின்மேல் போய் நின்றது. தட்டைப் படத்தின் நேர்க்கோடு குறுகிய வழியாகாது என்று எத்தனையோ வகுப்புகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். உருண்டையில் தூரமும் குறைந்திருந்தது. நான் விரும்பியதும் அதைத்தான். ஆனால் அதைச் சொன்னால் ஐஸையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு வந்த பெண், விமான ஜன்னல் வழியே எடுத்த புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை மலைகள். அவள் தந்தை அதை ஏரிக்கரையிலேயே நீட்டினார்.

"பாத்தியா சார், கனவு போட்டோல வுழுந்துகீது!"

நால்வரும் இம்முறை இன்னும் உரக்கச் சிரித்தார்கள். அதன் பிறகு தூரம் கேட்பவர்கள் எதிர்வீட்டுப் படியேறினார்கள்.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பின்தான் நான் உலக உருண்டை வாங்கினேன் என்று தெருவில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. உருண்டை முதலிலிருந்தே என் வீட்டில் இருந்தது.