துல்கர்னைனின் நாற்பது நாள்

தென்காசியில் துண்டு, லுங்கி வியாபாரம் செய்த துல்கர்னைன் ஈரலில் தங்கம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான் 1965 சாரல் காலத்தில் தெரு முழுக்கப் பேச்சு. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, ஈரல் கட்டிவரை கொண்டுபோய், கதிர் வீசும் தங்கத் துகளை அனுப்பினார்கள். சோதனை வைத்தியம். கட்டி கரைந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஆறு மாதம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பதினைந்து நாளைக்குப் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அவர் ஊர் திரும்பிய அன்றுதான் மகள் ஹாஜரா பீவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துக் கிடைத்த பிள்ளை.

“பதினஞ்சு நாள் என்ன கணக்கு? பிள்ளை பெத்தாலும் நாப்பது, மவுத்தாயி கண்ண மூடினாலும் நாப்பது. உங்களுக்கும் நாப்பதுதான்,” என்றாள் மனைவி ஷரீபுன்னிசா. பச்சைப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. தனியாக இருக்க மாடி மச்சுக்கு ஏறிவிட்டார்.

அங்கே நாட்கள் மேகம் மாதிரி நகர்ந்தன. குற்றாலத்துச் சாரல் ஜன்னல் வழியே வந்து முகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். மலை தெரியும், கொஞ்ச நேரத்தில் மலையே இல்லாமல் போகும். கண்ணை மூடினால் ஈரலுக்குள் பொன் துகள்கள் மினுங்கிக்கொண்டு மிதந்தன. வெளிச்சம் கசிகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். ஐம்பத்தெட்டு வயதில் புத்தி போகிற போக்கைப் பார் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். கீழே பிள்ளை அழுதால் மட்டும் முழு விழிப்பு வரும். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது.

இருபத்தெட்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி பழையபடி வந்தது; கட்டி கரையவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட வந்த கம்பவுண்டர் வல்லிநாயகம் நாற்பது நாள் சங்கதியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, அந்தக் கதிரு பதினஞ்சு நாள்ல அடங்கிரும். அதுக்குத்தான டாக்டர் நாள் சொல்லி அனுப்புதாரு. சும்மால்லா இங்கன கெடந்திருக்கீங்க.”

ஷரீபுன்னிசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பதிமூணு நாள நான்லா தின்னுட்டேன்,” என்று அழுதாள். துல்கர்னைனுக்குக் கோபம் பொங்கத்தான் செய்தது. முப்பது வருஷம் தன்னோடு கிடந்து உழைத்தவளை அப்படிப் பார்த்ததும் அது தணிந்துவிட்டது.

“அழுதது போதும்ட்டி. போயி பிள்ளையத் தூக்கிட்டு வா.”

குழந்தையை அவர் மார்பில் கிடத்தினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலை நீட்டி, வலது விலாவுக்குக் கீழே சரியாக ஓர் உதை விட்டது. அவர் பல்லைக் கடித்தார். ஷரீபுன்னிசா பதறி அந்தக் காலை விலக்கப் போனாள்.

“விடு, மிதிக்கட்டும்,” என்றார் துல்கர்னைன்.